குடியாத்தத்தில் 41, கோவளத்தில் 36: எது பெரிய வெயில்?

கேள்வி: குடியாத்தம் பக்கம் கட்டட மேஸ்திரியாக இருக்கிறேன். சித்திரையிலிருந்து ஆனி வரைக்கும் சென்னைக்குத் தெற்கே கோவளத்துக்குப் பக்கத்தில், கடலை ஒட்டி ஒரு வேலை எடுத்திருக்கிறோம். கொத்தனார், கம்பி கட்டுகிறவர்கள், சித்தாள் எல்லாம் சேர்த்து 14 பேர். அங்கேயே தகர ஷெட் போட்டுத் தங்கப்போகிறோம். இந்தக் கோடை இயல்பைவிட அதிகமாக இருக்கும் என்று டி.வி.யில் சொல்கிறார்கள். போனில் பார்த்தால் எங்கள் ஊருக்கு 41 டிகிரி, அந்த இடத்துக்கு 36 டிகிரி காட்டுகிறது. அஞ்சு டிகிரி கம்மிதானே, ஆட்களுக்கு நல்லதுதான் என்று நினைத்தேன். ஆனால் போன வருஷம் அந்தப் பக்கம் போய்வந்த ஆட்கள், “அங்கே வேலையே ஓடாது மேஸ்திரி” என்கிறார்கள். எதை நம்புவது? வேலை நேரத்தை எப்படி வைத்துக்கொள்வது? மோல்டு (தளக் காங்கிரீட்) எந்த நேரத்தில் போடலாம்? வீட்டில் இருக்கிற இரண்டு ஏர் கூலரையும் ஷெட்டுக்கு எடுத்துப்போகட்டுமா?

பதில்: வணக்கம் மேஸ்திரி. கூலரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கக் காரணம் இருக்கிறது. அந்தக் கூலர் ஏன் அங்கே உதவாது என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் பாதி புரிந்த மாதிரிதான்.

கூலர், நனைந்த பேட் வழியாகக் காற்றை இழுக்கிறது. தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலிருக்கும் சூட்டை எடுத்துக்கொள்கிறது. இதற்கு ஓர் அடிமட்டம் உண்டு. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி விசிறினால் எந்த டிகிரியில் போய் நிற்கிறதோ, அதற்குக் கீழே எந்தக் கூலராலும் காற்றை இறக்க முடியாது. இதைத்தான் ஈரக்குமிழ் வெப்பநிலை என்கிறோம். மேற்குக் காற்று அடிக்கிற ஒரு மே மாத மதியம் குடியாத்தத்தில் 41 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரக்குமிழ் 25 டிகிரியில் நிற்கும். இரண்டுக்கும் 16 டிகிரி இடைவெளி. நல்ல கூலர் அதில் முக்கால் பங்குக்கு மேல் இறக்கி 28, 29-ல் காற்று கொடுக்கும். அதே மதியம் கோவளத்தில் 36 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 29-ஐத் தாண்டி நிற்கும். இடைவெளி ஏழு டிகிரிகூட இல்லை. கூலர் என்னதான் ஓடினாலும் 31-க்குப் பக்கத்தில்தான் வரும், அதுவும் ஈரம் சொட்டுகிற காற்றாக. மூடிய தகர ஷெட்டில் அரைமணி நேரம் ஓடவிட்டால் உள்ளே இட்லிக் குண்டான்தான்.

உங்கள் ஆட்களின் உடம்பும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. வியர்ப்பதால் உடம்பு குளிர்வதில்லை, வியர்வை காய்வதால்தான் குளிர்கிறது. குடியாத்தத்தில் சட்டை நனைவதற்குள் காய்ந்து, முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு பூத்திருக்கும். அந்தக் கோடு, வியர்வை தன் வேலையைச் செய்ததற்கு அத்தாட்சி. கடலோரத்தில் சட்டை பிழிகிற பதத்தில் இருக்கும், முழங்கையிலிருந்து சொட்டும். சொட்டிப் போகிற வியர்வை தண்ணீரையும் உப்பையும் மட்டும் எடுத்துப்போகிறது, சூட்டை உடம்பிலேயே விட்டுவிடுகிறது. மேலே சொன்ன இரண்டு ஊர் மதியத்தையும் போனில் ‘ஃபீல்ஸ் லைக்’ என்று காட்டும் கணக்கில் போட்டால் குடியாத்தத்துக்கு 43 வரும், கோவளத்துக்கு 48 வரும். அதுவும் நிழலில் நிற்கிறவருக்கு. போய்வந்த ஆட்கள் சொன்னதை நம்புங்கள்.

இரவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மரமில்லா மலை, தண்ணீரில்லா ஆறு என்று நம் மாவட்டத்தைச் சொல்வார்கள். அந்த மொட்டைப் பாறைகள் பகலெல்லாம் சூடேறி ராத்திரி ஒன்பது மணி வரை அனல் விட்டாலும், விடியற்காலையில் 25, 26-க்கு இறங்கிவிடும். உடம்பு ஒரு நாலு மணி நேரமாவது ஆறும். கடலோரத்தில் மே மாதம் 28-க்குக் கீழே இறங்காத இரவுகள் சாதாரணம். முதல் நாள் சூடு ஆறாமலே மறுநாள் சாரம் ஏறுகிறவர்தான் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ தலைசுற்றி உட்காருவார்.

இனி டி.வி. செய்தி. இந்திய வானிலை ஆய்வுத் துறை கோடைக்கான கணிப்பைப் பிப்ரவரி கடைசியை ஒட்டி ஒருமுறை (மார்ச் முதல் மே வரைக்கு), மார்ச் கடைசியை ஒட்டி மறுபடி (ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கு) வெளியிடும். உங்கள் வேலைக்கு இரண்டாவதுதான் பொருந்தும். பழைய கோடைகளையெல்லாம் சூட்டின் வரிசையில் நிறுத்தி மூன்று பங்காக்கினால், மேல் பங்குதான் ‘இயல்பைவிட அதிகம்’. எந்தத் தகவலும் இல்லாவிட்டால் ஒவ்வொரு பங்குக்கும் 33 சதவீத வாய்ப்பு. வரைபடத்தில் உங்கள் பகுதிக்கு 55 சதவீதம் என்று நிறம் தீட்டியிருந்தால் அந்த மேல் பங்குக்கு வாய்ப்பு ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். எத்தனை டிகிரி கூடும், எந்தத் தேதியில் கூடும் என்று அது சொல்லவில்லை. மூன்று மாதச் சராசரியைப் பற்றிய பேச்சு அது. நடுவில் பத்து நாள் மேகமூட்டமாகப் போனாலும் கணிப்பு பொய்யாகிவிடாது.

அதனால் அந்தக் கணிப்பை வைத்து மோல்டு தேதி குறிக்காதீர்கள். ஒப்பந்தத்தில் நாள் கணக்குப் பேச அதைப் பயன்படுத்துங்கள்: மதியம் நாலரை மணி நேரம் வேலை நிற்கும் என்பதை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள், பச்சை வலை எத்தனை மீட்டர் வேண்டும், கேன் தண்ணீருக்கு யார் காசு என்பதைப் பேசிவிடுங்கள். அந்த வெளியீட்டில் பகல் வெப்பத்துக்கு ஒரு படம், இரவு வெப்பத்துக்கு ஒரு படம் என்று தனித்தனியே இருக்கும். டி.வி.யில் பெரும்பாலும் பகல் படத்தைத்தான் காட்டுவார்கள். கடலோர வேலைக்குப் போகிற நீங்கள் இரவுப் படத்தைப் பாருங்கள்.

‘வெப்ப அலை’ என்ற சொல்லையும் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே கேட்க வேண்டும். சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால் வெப்ப அலை. கடலோரத்துக்கு அந்த 40 என்பது 37 ஆகிறது, ஆனால் 4.5 கூடுதல் என்ற நிபந்தனை அப்படியே நிற்கிறது. மே கடைசியில் சென்னை நுங்கம்பாக்கத்தின் இயல்பே 37, 38. அப்படியானால் 42 தாண்டினால்தான் அங்கே வெப்ப அலை. உங்கள் ஆட்களை வாட்டி எடுக்கப்போகிற 36 டிகிரிப் புழுக்க நாள் எதுவும் அந்தக் கணக்குக்குள் வராது. அந்த நாட்களுக்குச் சென்னை மண்டல வானிலை மையத்தின் அறிக்கையில் வேறொரு வாசகம் வரும்: அதிக வெப்பநிலையும் அதிக ஈரப்பதமும் சேர்ந்திருப்பதால் அசௌகரியம் ஏற்படலாம் என்று. ‘அசௌகரியம்’ என்பது மிக மென்மையான சொல். நீங்கள் அதை ‘இன்று பாதி நாள் வேலை’ என்று படியுங்கள்.

மழைக்கு வருகிற சொற்களுக்கும் அளவு உண்டு. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்தப் பகுதியில் கால்வாசி இடத்துக்குள், ‘ஒருசில இடங்களில்’ என்றால் பாதிக்குள், ‘அநேக இடங்களில்’ என்றால் முக்கால்வாசிக்குள். ஓரிரு இடங்களில் என்று வந்ததற்காக மோல்டைத் தள்ளிப்போட வேண்டாம், தார்ப்பாய் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் போதும்.

கடலோரத்தில் ஒரு நாளின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது கடற்காற்று எத்தனை மணிக்கு உள்ளே வருகிறது என்பதுதான். காலையில் வெயில் ஏற ஏறத் தரை சீக்கிரம் சூடாகிறது, கடல் சூடாவதில்லை. தரைக்கு மேலே காற்று மேலெழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று வருகிறது. பொதுவாகக் கரையில் பத்தரை, பதினொன்றுக்கு எட்டிப்பார்த்து, மதியத்துக்குள் ஊருக்குள் நுழையும். நுழைந்த பிறகு வெப்பநிலை ஏறாது, 35, 36-ல் நின்றுவிடும். மேற்குக் காற்று பலமாக இருந்தால் அது கடற்காற்றைக் கரைக்கு அப்பாலேயே பிடித்து நிறுத்திவைக்கும். அந்த நாட்களில் இரண்டு, மூன்று மணி வரை கடற்காற்று வராது, சில நாள் வரவே வராது. அன்றுதான் கடலோரமும் 40-ஐத் தொடும்.

இதைப் போன் இல்லாமலே பார்க்கலாம். மேல் தளத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் ஒரு முழம் மெல்லிய துணி ரிப்பனைக் கட்டிவையுங்கள். எட்டு மணிக்குப் பாருங்கள். காற்று தெற்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வந்து ரிப்பன் மந்தமாக ஆடினால், பிசுபிசுப்பு இருந்தால், அன்றைக்கு வெப்பம் கட்டுக்குள் இருக்கும், புழுக்கம் கொல்லும். மேற்கிலிருந்து விறைப்பாக அடித்து, உதடு காய்ந்தால், பதினோரு மணிக்கே வெயில் பொரிக்கும். பன்னிரண்டுக்கும் ரிப்பன் கிழக்கே பார்த்தே பறந்தால் (அதாவது காற்று மேற்கிலிருந்தே வந்தால்) மதிய இடைவேளையை இன்னும் ஒரு மணி நேரம் நீட்டுங்கள்.

பலரும் ஏமாறுகிற இடம் இனிமேல்தான். கடற்காற்று தாமதமாக மூன்று மணிக்கு நுழைகிறது என்று வையுங்கள். அரைமணியில் 40-லிருந்து 35-க்கு இறங்கும். எல்லாரும் “அப்பாடா” என்று எழுந்து, விட்ட வேலையைப் பிடிக்க வேகம் கூட்டுவார்கள். ஆனால் ஈரப்பதம் 30-லிருந்து 65-க்குப் போயிருக்கும். ஈரக்குமிழ் கணக்கில் 26 ஆக இருந்தது 29-க்கு மேலே ஏறியிருக்கும். வெப்பநிலை ஐந்து டிகிரி இறங்கியும் உடம்பு ஆறுவது கடினமாகிவிட்டது. திறந்த தளத்தில் நிற்கிறவரைக் காற்றின் வேகம் காப்பாற்றும். கீழே, ஜன்னல் வைக்காத அறைக்குள், நாலு பக்கச் சுவருக்கு நடுவே பூச்சு வேலை செய்கிறவருக்கு அந்தக் காற்று எட்டாது. கடற்காற்று வந்த பிறகு வெளிச்சுவர், சாரம், மேல்தள வேலையை வைத்துக்கொள்ளுங்கள். உள்பூச்சைக் காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் முடியுங்கள்.

புயல் செய்தியிலும் இதே சூத்திரம்தான். வங்காள விரிகுடாவில் உருவான புயல் நம் கரைக்குப் பக்கத்தில் நகர்ந்தால் மழை, 2016 மே மாதம் ரோனு புயல் சென்னைக்குக் கொடுத்த மாதிரி. தூரத்தில் ஒடிசா, வங்காளம், மியான்மர் பக்கம் ஏறிப்போனால் கதையே வேறு. 2019-ல் ஃபானியும் 2020-ல் ஆம்பனும் 2023-ல் மோக்காவும் போன பாதை அது. அப்படிப்பட்ட புயல் ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தமிழ்நாட்டின் மேல் வறண்ட மேற்குக் காற்றை ஓடவிடும், கடற்காற்று வாயிலிலேயே நின்றுவிடும். புயல் வேறு மாநிலத்துக்குப் போகிறது என்று கேட்டால் அடுத்த மூன்று நாலு நாளுக்கு வெயில் வேலையைக் குறைத்துத் திட்டமிடுங்கள்.

கத்திரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28-ஐ ஒட்டி முடியும் கத்திரி கழிந்தால் வெயில் கழிந்தது என்பது நம்மூர்க் கணக்கு. ஜூனில் ஜவ்வாது மலைப் பக்கம் இடி மழை விழ ஆரம்பித்தால் வேலூர் மாவட்டத்துக்கு அது ஓரளவு பொருந்தும். கடலோரத்துக்குப் பொருந்தாது. கேரளாவில் பருவமழை தொடங்கியதும் (இயல்பான தேதி ஜூன் 1) மேற்குக் காற்று பலமாகி, மலையைத் தாண்டி ஈரம் இழந்து, சூடாகக் கிழக்குக் கரைக்கு வருகிறது. கடற்காற்று தள்ளிப்போகிறது. சென்னையில் பதிவான உச்ச வெப்பமான 45 டிகிரி வந்தது 2003 மே 31-ல், கத்திரி முடிந்த பிறகு. ஆனி வரைக்கும் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன்.

கையில் ஓர் அளவுகோல் இருந்தால் ஆட்களோடு வாக்குவாதம் இருக்காது. மருந்துக்கடையில் விற்கிற காய்ச்சல் தெர்மாமீட்டர் வேண்டாம், அதன் அளவு 35-க்குக் கீழே போகாது. சுவரில் மாட்டுகிற சாதாரணக் கண்ணாடி வெப்பமானி இரண்டு வாங்குங்கள். கடையிலேயே பக்கத்தில் வைத்து இரண்டும் ஒரே அளவு காட்டுகிறதா என்று பாருங்கள். ஒன்றின் குமிழில், கஞ்சி போக நன்றாக அலசிய பழைய வேட்டித் துணியை ஒரு சுற்று மட்டும் சுற்றி நூலால் கட்டுங்கள். இரண்டு சுற்று சுற்றினால் அளவு மெதுவாக இறங்கும், அவசரத்தில் அதிகமாகப் படித்துவிடுவீர்கள். கேன் தண்ணீரில் நனையுங்கள். அங்கே போர் தண்ணீர் உப்பாக இருக்கும், நாலு நாளில் துணி மொடமொடத்துப்போய் அளவு தப்பும். நிழலில் தொங்கவிட்டு மூன்று நிமிடம் விசிறியால் வீசி, விசிறலை நிறுத்தாமலே படியுங்கள்.

ஈரத்துணி 25 வரை காட்டினால் வழக்கமான வேலை, தண்ணீருக்கு மட்டும் நிறுத்துங்கள். 26, 27 என்றால் மணிக்குக் கால்மணி நேரம் நிழல். 28, 29 என்றால் அரைமணி வேலை, அரைமணி நிழல், தலைச்சுமை வேலையும் கலவை போடுவதும் வெயிலில் கூடாது. 30-ஐத் தொட்டால் வேலையை நிறுத்துங்கள். கடலோரத்தில் காலை ஏழு மணிக்கே 26 காட்டும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் அந்த இடத்திலிருந்துதான் நாள் ஆரம்பிக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

வேலை நேரம்: விடியற்காலை ஐந்தரைக்கு ஆரம்பம், பதினொன்றுக்கு நிறுத்தம், மூன்றரைக்கு மறுபடி, ஆறேகாலுக்கு முடிவு. ஏப்ரல் 24-ஐ ஒட்டி நம் அட்சரேகையில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வருகிறது, அதன் பிறகு உங்கள் வேலை முடிகிற வரையிலும் பெரிதாக விலகாது. மதியம் சுவர் நிழல் என்று ஒன்றே இருக்காது, பச்சை வலைதான் நிழல். வலையைத் தலைக்கு மேல் ஏழடியாவது உயர்த்திக் கட்டுங்கள், தாழக் கட்டினால் அடியில் காற்று நிற்கும்.

முதல் வாரம்தான் ஆபத்தான வாரம். குடியாத்தத்து வெயிலுக்குப் பழகிய உடம்பு பாதிதான் தயார், புழுக்கத்துக்குப் பழக ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் ஆகும். வெயிலில் வேலை செய்தே பழக்கமில்லாத புது ஆளுக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, பிறகு தினம் ஒரு பங்கு கூட்டுங்கள். பழைய ஆட்களுக்கு முதல் நாள் பாதி, இரண்டாம் நாள் கொஞ்சம் கூட, மூன்றாம் நாள் முக்கால், நாலாம் நாள் முழுசு. சம்பளத்தைக் குறைத்தீர்களானால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த மூன்று நாள் கூலியைச் செலவில் எழுதிக்கொள்வதுதான் வழி.

தண்ணீர், தாகம் எடுத்த பிறகு குடிப்பதில்லை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், ஏறக்குறைய 250 மில்லி. மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர். 14 பேருக்கு எட்டேகால் மணி நேர வேலைக்கு 87-லிருந்து 116 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் ஐந்திலிருந்து ஆறு. சமையலும் இரவும் இதில் சேராது. மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீராகக் குடிப்பதும் தப்பு, உப்புக் குறைந்து தலைவலி, வாந்தி, தசைப்பிடிப்பு வரும். பத்து மணிக்கு உப்புப் போட்ட மோர் கலந்த கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயத்தோடு கொடுங்கள், தண்ணீரும் உப்பும் சோறும் ஒன்றாகப் போய்விடும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எத்தனை தண்ணீருக்கு என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். ஒரு லிட்டருக்கான பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் குடிக்கிறவர்கள் உண்டு, அது தாகத்தைக் கூட்டும். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. சர்க்கரை நோய், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிளம்புவதற்கு முன்னால் தங்கள் டாக்டரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு வரட்டும். ராத்திரி சரக்கு போட்டவரை மறுநாள் சாரம் ஏற்றாதீர்கள்.

மதியம் எல்லாரும் குளித்துச் சட்டை மாற்ற வேண்டும். ஈரச் சட்டையிலேயே நாள் முழுக்க இருந்தால் இரண்டாவது வாரம் முதுகு பூராவும் வேர்க்குரு. அரிப்பு மட்டும் என்றால் போகட்டும், வேர்க்குரு வந்த இடத்தில் வியர்வைத் துளைகள் அடைபட்டுவிடுகின்றன. முதுகும் மார்பும் வேர்க்குருவால் மூடியவருக்கு ஒரு வாரம் நிழல் வேலை கொடுங்கள்.

ஒருவர் பேச்சு குழறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், நடை தள்ளாடினால் அது களைப்பு இல்லை. ‘வியர்வை நின்றுவிட்டால்தான் வெப்ப வாதம் (ஹீட் ஸ்ட்ரோக்)’ என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். உழைக்கிறவர்களுக்கு, அதுவும் கடலோரத்தில், வியர்வை ஊற்றிக்கொண்டிருக்கும்போதே வரும். 108-க்கு ஒருவர் போன் செய்யட்டும், மற்றவர்கள் அவரை நிழலுக்குத் தூக்கிச் சட்டையைக் கழற்றி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி விசிறட்டும். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாதீர்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது.

ஷெட்டுக்குக் கூலருக்குப் பதில் காற்றாடி வாங்குங்கள், மூன்று பேருக்கு ஒன்று. இரவில் 29, 30 டிகிரியில் நகர்கிற காற்றுதான் மருந்து. தகரத்தின் மேல் சுண்ணாம்பு இரண்டு கோட் அடியுங்கள். அதற்கு ஓரடி மேலே தென்னங்கீற்றைத் தனிப்பந்தலாகப் போடுங்கள், நடுவில் காற்று ஓட வேண்டும். கீற்றைத் தகரத்தின் மேலேயே படுக்க வைத்தால் பாதிப் பலன்தான். வாசலைத் தென்கிழக்குப் பார்த்து வைத்து, எதிர்ச் சுவரின் மேற்பகுதியை ஓரடி திறந்துவிடுங்கள். கைப்பிடிச் சுவர் கட்டாத தளத்தில் காற்றுக்காக ஆட்கள் படுக்கப்போவார்கள், அதை மட்டும் முதல் நாளே தடுத்துவிடுங்கள்.

மோல்டு. கலவை போடும் நேரத்தில் 40 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்பது விதி. ஜல்லியையும் சென்ட்ரிங் தகட்டையும் முதல் நாள் சாயங்காலமே நிழலில் வைத்துத் தண்ணீர் தெளியுங்கள். ஏப்ரலிலும் மே பாதி வரையிலும் விடியற்காலை, மாலை இரண்டும் சரி. மேற்குக் காற்று நாளில் மட்டும் ஒன்பதுக்கு மேல் தொடவேண்டாம். வறண்ட காற்று மேல்பரப்பை உறிஞ்ச, உள்ளே இருந்து நீர் மேலே வருவதற்குள் தளத்தில் முழ நீளத்துக்கு வெடிப்பு விழும். மட்டம் தட்டிய கையோடு ஈரச்சாக்கோ பிளாஸ்டிக் தாளோ மூடுங்கள். பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்ட் என்றால் பாத்தி கட்டிப் பத்து நாளாவது தண்ணீர் நிற்கட்டும், 14 என்றால் நல்லது. கம்பி போட்ட தளத்துக்குத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. அங்கே போர் தண்ணீரைச் சோதிக்காமல் கலவைக்கோ நீராற்றுவதற்கோ விடாதீர்கள்.

மே கடைசியிலிருந்து மாலை மோல்டை மறந்துவிடுங்கள். ஜவ்வாது மலை, வேலூர், ராணிப்பேட்டை மேல் மதியத்துக்குப் பிறகு திரள்கிற இடிமேகம் மேற்குக் காற்றோடு கிழக்கே நகர்ந்து, இரவு ஏழிலிருந்து பதினொன்றுக்குள் கடற்கரைக்கு வரும். நாலு மணிக்குக் குடியாத்தத்தில் இடி இடிக்கிறது என்று வீட்டிலிருந்து போன் வந்தால் உங்களுக்கு மூன்று, நாலு மணி நேரம் இருக்கிறது. எல்லா மேகமும் வந்துசேராது என்றாலும், இதைவிட நல்ல முன்னறிவிப்பு உங்களுக்கு இலவசமாகக் கிடைக்காது. ‘தாமினி’ செயலியையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள், சுற்றுவட்டாரத்தில் விழும் மின்னலைக் காட்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால், நட்டு வைத்த கம்பிகளுக்கு நடுவிலிருந்து எல்லாரும் இறங்க வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி கழித்துத்தான் மறுபடி ஏறலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று. வைகாசி 1-ல் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஆட்கள் எல்லாரும் ஊருக்கு வருவார்கள், நீங்கள் பிடித்து வைத்தாலும் நிற்க மாட்டார்கள். கத்திரிக்கு நடுவில் வருகிற விடுமுறை அது. புழுக்கத்துக்குப் பழகிய உடம்பு ஒரு வாரம் விலகியிருந்தாலே பழக்கத்தை இழக்க ஆரம்பிக்கும். இரண்டு மூன்று நாளில் திரும்பினால் கவலையில்லை. ஒரு வாரம் தங்கிவிட்டு வருகிறவருக்கு மறுபடியும் முதல் நாள் பாதி வேலைதான். அந்த வாரத்துக்கு மோல்டு எதுவும் வைத்துக்கொள்ளாமல், நிழலில் செய்கிற கம்பி வளைப்பையும் சென்ட்ரிங் பலகை சரிபார்ப்பையும் ஒதுக்கிவையுங்கள்.